அறுபத்திரண்டு கையெழுத்து

டெங்கில்
2.6.2024

அன்பு மகள் தாமரைக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், வாங்கிய பிரஷர் மாத்திரை போதவில்லை என்று உன் அம்மா திட்டுகிறாள். அதனால் கடிதம்.

நம் கட்சித் தலைவர் டத்தோ தம்புசாமி மறைந்து ஓராண்டு ஆகிறது. அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நினைவுக் கூட்டம். அவர் உதவியால் படித்த ஒருவர் பேச வேண்டுமாம். பழைய கிளைத் தலைவன் என்ற முறையில் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்தது தப்புதான். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வா.

அப்பா
பரமேஸ்வரன்


கிள்ளான்
21.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் தாமதம். வாணிக்கு நான்கு நாள் காய்ச்சல். டெங்கியோ என்று இரண்டு முறை ரத்தம் எடுத்தோம். இல்லை. எனக்குத்தான் படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

பேசுகிறேன் அப்பா. டத்தோ நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டே கல்லூரிக்குப் போன் போட்டது மறக்குமா? "இந்தப் புள்ளைக்கு எடம் இல்லன்னா வேற யாருக்குய்யா?" என்றார். அதைச் சொல்வேன்.

அந்த வெள்ளைத் தாளையும் சொல்வேன்.

நாம் குடியிருந்த தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது, "பேரும் கையெழுத்தும் போடட்டும், வீடு கேட்டு மனுவ நான் எழுதிக்கிறேன்" என்றார். நீங்கள் லயம் லயமாக, ஒவ்வொரு தொழிலாளர் வீட்டுக்கும் போய் வாங்கினீர்கள். அறுபத்திரண்டு குடும்பம். மூன்றே மாதத்தில், வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்ற கடிதத்தின் அடியில் அதே கையெழுத்துகள். மறு வருடம் எனக்குக் கல்லூரி.

போன வாரம் வாணியின் பாலர் பள்ளியில் நிரப்பாத ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார்கள். "சைன் மட்டும் போடுங்க மம்மி, மிச்சத்த நாங்க எழுதிக்கிறோம் லா" என்றார் டீச்சர். பாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

பேச்சை எழுதி இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பெயர் அதில் இல்லை. 'கிளைத் தலைவர் ஒருவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அன்பு மகள்
தாமரை


டெங்கில்
27.6.2024

தாமரை,

படித்தேன். செத்த மனிதர் எழுந்து வந்து பதில் சொல்லப் போகிறாரா? அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட கீழ் லயத்துப் பக்கிரிசாமி இன்றைக்கும் என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுகிறான். அவன் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? உன் பெயரை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன்.

பரமேஸ்வரன்


கிள்ளான்
1.7.2024

அப்பா,

எடுக்கச் சொல்லுங்கள். மேடை இல்லாவிட்டால் மண்டப வாசலில் வாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசுவேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு இவள் "தாத்தா வீடு எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டால், நம் லயம் இருந்த இடத்தில் இப்போதுள்ள கோல்ஃப் திடலைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள என்னால் ஆகாது.

மாத்திரையை மறக்காதீர்கள்.

தாமரை


டெங்கில்
6.7.2024

அன்பு மகளுக்கு,

உன் பெயரை எடுக்கச் சொல்லச் கூட்டம் நடத்தும் செயலாளர் வீடு வரை போனேன். மணி அடிக்காமல் திரும்பி, பக்கிரிசாமி வீட்டுக்குப் போனேன். அவனுக்கு இப்போது கண் சரியில்லை. உன் பேச்சை நானே வாசித்துக் காட்டினேன்.

"அது மனு இல்லன்னு ஒனக்கு எப்பத் தெரியும், தலைவரே?" என்றான்.

பதினைந்து வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கையெழுத்து வாங்கும்போது தெரியாது. மூன்று மாதத்தில் தெரிந்தது. மகள் படிக்கட்டும் என்று வாயைத் திறக்கவில்லை என்றேன். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். அதன் பிறகு தலைவரே என்று கூப்பிடவும் இல்லை.

டத்தோ படத்தை நம் வீட்டுச் சுவரிலிருந்து எடுக்கமாட்டேன். அதை யாரும் கேட்க வேண்டாம்.

பேச்சில் ஒரு திருத்தம். 'கிளைத் தலைவர் ஒருவர்' என்பதை அடித்துவிட்டு என் பெயரைப் போடு. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்தே வாசி.

அப்பா
பரமேஸ்வரன்