மூன்றாவது ஆல்பத்துச் சிரிப்பு

மார்ச் 3

டேய் கீறல்,

நலம்தானே? மகள் எப்படி இருக்கிறாள்? நான் இருக்கிறேன், தொண்டைதான் இல்லை. இனிமேல் கத்தினால் பேச்சும் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மேடை அதிரக் கத்தியவன் இப்போது கடையில் சைகை காட்டி சோப்பு வாங்குகிறேன். சிரிக்காதே.

ஒரு நல்ல செய்தி. நாம் வாசித்த நூ மெட்டல் ராக் இசைக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறதாம். நம் குழுவின் முதல் ஆல்பத்திலிருந்து கடைசி ஆல்பம் வரை பொறுக்கியெடுத்த பதினெட்டுப் பாட்டுகளை ஒரே தொகுப்பாகக் கம்பெனி வெளியிடுகிறது. இனி நான் பாடப்போவதில்லை. என் பெயர் சொல்ல இது ஒன்றுதான். ஆறு பேரும் சம்மதித்தால்தான் வரும். இத்துடன் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன்
தொண்டை


மார்ச் 11

அன்புள்ள தொண்டைக்கு,

மகள் ஏழாவது படிக்கிறாள். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். அன்று மேடையில் கீறல் சத்தம் வர இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்தேன், இன்று மனிதர்களை மேலும் கீழும் அனுப்புகிறேன். இவர்கள் கைதட்டுவதில்லை, அவ்வளவுதான். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒரே ஒரு விஷயம். நீ அனுப்பிய தாளில் மூன்றாவது ஆல்பத்தின் முதல் பாட்டும் இருக்கிறது. அதில் இரண்டாவது சரணம் முடிந்ததும் ஒரு சிரிப்பு விட்டு விட்டு வரும். "என்னடா, கோழி கொக்கரிக்குது?" என்று நீகூடக் கிண்டல் செய்தாய். அது என் மனைவி. சமையலறையில் அவள் சிரித்ததைப் பதிவுசெய்து, தட்டில் ஏற்றித் தேய்த்தேன். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் குரல் வேறு எதிலும் இல்லை. வீட்டிலிருந்த தட்டுகள் குழாய் வெடித்த அன்று ஊறிப்போயின. பழைய ஆல்பம் எங்கும் கிடைக்கவில்லை, நம் ஆட்கள் யாரிடமும்கூட இல்லை. நெட்டில் மேடைப் பதிவுதான் இருக்கிறது, உன் சத்தத்தில் அதில் ஒன்றும் கேட்காது. அவள் இறந்தபோது மகள் கைக்குழந்தை. அம்மாவின் குரலை அவள் கேட்டதே இல்லை.

அந்தப் பாட்டில் கைவைக்க வேண்டாம் என்று சொல். முன்பெல்லாம் ஆறு பேரும் வேனுக்குள் நெருக்கியடித்துக் கேட்டு, எல்லோரும் தலையாட்டிய பிறகுதானே ஒரு பாட்டு வெளியே போகும்? இப்போது வேன் இல்லை. எனக்காக நீ கேள். சரி என்று நீ எழுதியதும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்
கீறல்


மார்ச் 19

கீறல்,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் தெரியாமல் போய்விட்டதே. கவலையை விடு, அந்தச் சிரிப்பு இருக்கும். மகளிடம் தைரியமாகச் சொல்.

தாளை மட்டும் தாமதிக்காமல் அனுப்பு. கம்பெனிக்காரர்கள் பிடுங்கி எடுக்கிறார்கள்.

தொண்டை


ஜூன் 2

கீறல்,

தொகுப்பு வந்திருக்கும். கேட்டும் இருப்பாய்.

எல்லாப் பாட்டையும் புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார்கள். தட்டுத் தேய்க்கும் சத்தம் இந்தக் காலத்துக் காதுக்குக் கேலியாகத் தெரிகிறதாம், ஒன்று விடாமல் எடுத்துவிட்டார்கள். உன் கடிதம் வரும்போதே வேலை முடிந்திருந்தது. உண்மையைச் சொன்னால் நீ கையெழுத்துப் போடமாட்டாய், எல்லாம் நின்றுபோயிருக்கும். எனக்கு இனி வேறு பாட்டு கிடையாதுடா. என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

வாய்க்கு வந்தபடி திட்டு. ஆனால் எழுது.

தொண்டை


ஜூன் 10

தொண்டைக்கு,

உன் கடிதத்துக்கு முந்தின நாளே தொகுப்பு வந்துவிட்டது. மகள் பள்ளி உடையைக்கூட மாற்றாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டாள். இரண்டாவது சரணம் வந்ததும், நான் பேசக் கூடாது என்று கையைத் தூக்கிக் காட்டினாள். பாட்டு முடிந்தது.

"எங்கேப்பா?" என்றாள்.

உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "வேற பாட்டா இருக்கும் பாப்பா, எனக்கு மறந்துபோச்சு" என்றேன்.

"பரவால்லப்பா, நான் கண்டுபிடிச்சிடறேன்."

அன்றிலிருந்து தினமும் பதினெட்டையும் கேட்கிறாள். சாப்பிடும்போதும் ஹெட்போனைக் கழற்றுவதில்லை. நேற்று லிஃப்ட் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து என் காதில் அதை மாட்டிவிட்டாள். கடைசிப் பாட்டு. நீ கத்தத் தொடங்குமுன் அவசரமாக மூச்சை இழுக்கும் இடம்.

"இதானேப்பா அம்மா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனி நீ எழுத வேண்டாம்.