துளை போட விடாத பெடல்

மச்சான்,

இன்று காலை பழைய கார்கள் வரிசையாக நுவரெலியாவுக்கு ஏறிப் போயின. ஏப்ரல் சீசன் தொடங்கிவிட்டது. கராஜ் கதவைப் பாதி திறந்திருந்தேன். முதலில் சத்தம் கேட்டது, பிறகு அந்த வாசனை வந்தது: பாதி எரிந்த பெட்ரோலும் சூடான ஒயிலும் கலந்த பழைய எஞ்சின் வாசனை. வாழ்நாளெல்லாம் அதற்குள்ளேயே கிடந்த மூக்கு இது. ஆனாலும் இன்று அது என்னை என்னவோ செய்துவிட்டது. கதவைத் திரும்ப இழுத்துச் சாத்தினேன். வெளியே ஓட்டோவோடு காத்திருந்த பையன், “என்னா தாத்தா, இன்னைக்கி லீவா?” என்று கத்தினான். “ஆமா, போ,” என்றேன். உள்ளே டயர் மேல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

உன் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் இதே வாசனைதான்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியே வயதான பிறகு, நுவரெலியாவில் கொழும்புக்காரர் ஒருவருடைய பங்களாவில் உனக்குச் சாரதி வேலை கிடைத்தது. அவர் மாதத்தில் ஒரு தடவை வந்தாலே பெரிய காரியம். கொட்டகையில் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டு கதவு, இரண்டு சீட், துணிக் கூரை. விளக்கைப் போட்டால் தவளை கண்ணைத் திறக்கிற மாதிரி முன்பக்கம் இரண்டு மூடிகள் எழும்பும். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. வாரம் ஒரு தடவை ஓட்டிச் சூடாக்காவிட்டால் எஞ்சின் இறுகிவிடும் என்று அவர் உத்தரவு. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நானுஓயா வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கி வந்து என் கராஜ் வாசலில் ஹோர்ன் அடிப்பாய்.

முதல் நாள் நீ வந்து நின்றபோது, “எறங்கு மச்சான், பாப்போம்,” என்றேன்.

“இதுல எங்க எறங்குறது? ஏறித்தான் வெளிய வரணும். பூமியோட பூமியா கெடக்கு,” என்றாய். கதவைப் பிடித்துக்கொண்டு நீ எழும்பி வந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நீயும் சிரித்தாய். லொறியில் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்து போனவன், கடைசிக் காலத்தில் எல்லோருடைய முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டேன் என்றாய். ஆனால் உன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரியும். நமக்கென்று யாரும் செய்யாத ஒரு வண்டியில், நீ உட்கார்ந்திருந்தாய்.

சீட்டில் கட்டம் போட்ட தலகாணி கிடந்தது. பார்த்துச் சிரித்தேன். “ஸ்போர்ட்ஸ் கார்ல தலகாணி வச்ச மொத ஆளு நீதான்டா.”

“கால் எட்டலியே, என்னா செய்ய? லொறியிலயும் இப்பிடித்தானே.”

லொறியிலும் அப்படித்தான். நம் தோட்டத்துச் சாரதிகள் பலருக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு தலகாணியோ சுருட்டிய சாக்கோ இருக்கும். அது இல்லாமல் பிரேக்குக்குக் கால் எட்டாது. சீட்டை முழுதாக முன்னால் தள்ளி, தலகாணியையும் வைத்து, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி நீ மறுபடி உள்ளே போய் உட்கார்ந்ததைக் குனிந்து பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோனது.

நான் பள்ளிக்கூடத்தில் நிறைய நாள் இருந்தவன் இல்லை. வண்டி மின்சார வேலையைக் கம்பியைத் தொட்டு அடி வாங்கித்தான் படித்தேன். இங்கிலீசு படித்தது வண்டிகளோடு வரும் கைநூல்களில். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எயார் பேக் வந்த காலத்தில் அதையும் அப்படித்தான் படித்தேன். முன்னால் மோதினால் கண் மூடித் திறப்பதற்குள் பை வெடித்து விரிகிறது. விரிந்து முடிந்த பை மெத்தை. விரிந்துகொண்டிருக்கிற பை குத்து. அது விரிந்து முடிப்பதற்கு நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இடம் வேண்டும். இப்போது வருகிற பைகள் கொஞ்சம் பார்த்து அடிக்கின்றன. உன் சிவப்பு வண்டியின் காலத்துப் பைகளுக்கு ஒரே பலம்தான். முன்னால் இருப்பது ஆறடி ஆளா, நம்மைப் போன்ற ஆளா என்று அவற்றுக்குத் தெரியாது.

இதையெல்லாம் அன்றே உனக்குச் சொன்னேன்.

“லொறியில நெஞ்சு முட்டத்தான் ஒக்காந்து ஓட்டுனேன். ஒண்ணும் ஆகலியே,” என்றாய்.

“லொறி ஸ்டியரிங்குல வெறும் இரும்புதான் இருந்துச்சி. இதுல வெடி இருக்குடா.”

“வெடியா? அப்ப தீபாவளிக்கி ஓட்டுறேன்.”

வெயில் மறைப்பில் ஜப்பான் மொழியில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அதன் மேலேயே நீ முருகன் படத்தை ஒட்டியிருந்தாய். படத்தின் ஓரத்தை நான் நகத்தால் கிளப்பியபோது, “சாமி மேல கைய வைக்காத,” என்று என் கையைத் தட்டிவிட்டாய்.

நான் விடுகிற ஆளா? இரண்டு அலுமினியக் கட்டைகளை அறுத்து ராவினேன். பெடல்களின் மேல் அவற்றை வைத்து முடுக்கினால் உன் கால் எட்டும். தலகாணி வேண்டாம், சீட்டும் பின்னால் போகும். சும்மா கட்டி வைத்தால் வழுக்கும். பிரேக்கில் வழுக்கல் கூடாது. பெடலில் துளை போட்டு ஆணி முடுக்கத்தான் வேண்டும். உன் முதலாளி வந்திருந்த ஒரு நாள் உன்னை இழுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். அவர் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்தார். நல்ல மனிதர் மாதிரித்தான் பேசினார். கட்டைகளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல வேலை. ஆனா துளை போட வேணாம்,” என்றார். “இது ஒரிஜினல். ஒரு ஸ்க்ரூ கூட மாறல்ல. பெடல்ல துளை இருந்தா இந்த வண்டிட மதிப்பு போச்சு.”

“வண்டிக்கு மதிப்பு இருக்கு சார். ஓட்டுறவருக்கு?” என்றேன்.

நீ என் காலை மிதித்தாய். அவர் முகம் மாறுவதற்குள், “அவன் அப்பிடித்தான் சார், பேசத் தெரியாது,” என்று சொல்லி என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாய். கேட்டைத் தாண்டியதும் என்மேல் பாய்ந்தாய்.

“அவரு சோறு போடுறவரு மச்சான்.”

“அவரு போடல. நீ சம்பாதிக்கிற.”

“ஒனக்கு எல்லாத்துக்கும் சண்டதான். விடு.”

அந்த ‘விடு’வைத்தான் உன்னிடம் நான் ஆயுள் முழுக்கக் கேட்டேன். லயத்து வீட்டுக் கூரை ஒழுகினால் விடு. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில், மேற்பார்க்கிற கண்டாக்கு பெயர் சொல்லாமல் ‘ஏய்’ என்று கூப்பிட்டால் விடு. உடம்பு சிறியது என்பதால் மனதையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு நான் உன்னோடு பேசவில்லை. நீ வழக்கம்போல் வந்து ஹோர்ன் அடித்தாய். மூன்றாவது வாரம் நானே வெளியே வந்தேன். வேறென்ன செய்வது?

செய்தி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஓட்டோ பிடித்துப் போனேன். நானுஓயாவுக்குக் கீழே பனி மூடிக் கிடந்தது. மேட்டிலிருந்து சரிந்த மண்குவியலுக்கு வண்டியை விலக்கப்போய், பாதையோரச் சுவரில் மோதியிருந்தாய். மோதியதா அது? ஒரு விளக்கு உடைந்திருந்தது. முன்மூடி கொஞ்சம் மடிந்திருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. சீட் பெல்ட் போட்டுத்தான் இருந்தாய் என்று உன்னைத் தூக்கியவர்கள் சொன்னார்கள். அந்த அடிக்கு நீ இறங்கி வந்து, விளக்குக்காக முதலாளியிடம் என்ன சொல்வது என்று தலையைச் சொறிந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கிலிருந்து வெள்ளைப் பை காற்றுப் போய்த் தொங்கியது. தலகாணி சீட்டில் நின்றபடியே இருந்தது. உன்னைக் கொண்டுபோய்விட்டார்கள்.

வயதான சாரதி, மூடுபனி என்று விசாரணையை முடித்தார்கள். உன் எழவு வீட்டில் முதலாளி மாலை போட்டுவிட்டு, “பாவம், வயசு போனா கண்ணும் கையும் ஒத்துப் போகாதுதானே,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அந்த மலைப் பாதையில் கொழுந்து மூட்டைகளோடு லொறியை ஏற்றி இறக்கி, ஒரு கோழியைக்கூட இடிக்காத உன்னை. நான் எழுந்து நின்று, “ஒங்க ஒரிஜினல் பெடல் நல்லா இருக்கா சார்?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். உன் மகள் புவனா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். சாவு வீட்டில் மரியாதை தெரியாதவன் என்று இன்றும் என்னைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். கேட்டது சரி. இன்னொரு தடவையும் கேட்பேன்.

நம் ஆட்கள் பேசியது வேறு. “பலூன் அடிச்சி செத்துட்டாராம்.” கடையில், பஸ்ஸில், கோயிலில் எல்லாம் அதே பேச்சு. எயார் பேக்கைக் கழற்றி விடுங்கள் என்று என்னிடமே வந்து நின்றார்கள். பையும் குற்றவாளி இல்லை, பனியும் இல்லை, உன் கண்ணும் இல்லை. அந்த வண்டியைச் செய்தவர்கள் வளர்ந்த ஓர் ஆளை உட்கார வைத்து அளந்தார்கள். நம்மை யாரும் உட்கார வைத்து அளக்கவில்லை. நீயும் நானும் ஏன் வளரவில்லை? ரொட்டி தின்று, பால் விடாத சாயத்தண்ணி குடித்து, கொழுந்து நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தோம். கொழுந்தை நிறுத்தார்கள், பிள்ளைகளை யார் நிறுத்துப் பார்த்தது? இதை எந்த விசாரணையிலும் யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

புவனா இப்போது கார் வாங்கிவிட்டாள், மச்சான். சின்னக் கார். அதில்தான் டிக்கோயாப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறாள். வாங்கிய வாரமே என்னிடம் கொண்டுவந்தாள்.

“மாமா, இதுல இருக்க எயார் பேக்க கழட்டி விட்டுருங்க.”

“முடியாது.”

“ஒங்களால முடியாததா? ஏன்?”

“முடியும். செய்ய மாட்டேன்.”

“எங்கப்பாவ கொன்னத என் நெஞ்சுக்கு முன்னாடி வச்சிக்கிட்டு ஓட்டச் சொல்றீங்களா?” அவள் குரல் உடைந்தது. அப்போதாவது நான் மெதுவாகப் பேசியிருக்கலாம், எனக்கு வராது. “அது ஒன்னக் காப்பாத்தத்தான் இருக்கு, சரியா ஒக்காரப் படி,” என்று அதட்டினேன். “ஒங்களுக்கு வண்டிதான் முக்கியம்,” என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து போனாள். அந்த முதலாளியைச் சொல்ல வேண்டிய வார்த்தை என்மேல் விழுந்தது.

வேறு யாரிடமாவது போய்க் கழற்றுவாள் என்று பயம் வந்தது. அவள் ஓட்டும் விதத்தைப் பார்த்திருந்தேன். உன்னை மாதிரியே சீட்டை முன்னால் இழுத்து ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டு. பை இல்லாமல் இந்த வளைவுகளில் ஒரு பஸ்ஸோடு மோதினால் அவள் தலைக்கு முன்னால் என்ன இருக்கும்? ஹட்டனிலும் தலவாக்கலையிலும் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன்மாருக்கெல்லாம் போன் போட்டு, இந்த நம்பர் வண்டி வந்தால் எயார் பேக்கில் கை வைக்கக் கூடாது என்றேன். ஒருவன், “தாத்தா, ஒங்க கடைக்கி வர்ற கிராக்கிய நாங்க பிடிச்சிருவோம்னு பயமா?” என்று சிரித்தான். சிரி, ஆனால் கை வைக்காதே என்றேன். செய்தி புவனாவுக்கே போய்விட்டது. “என் வண்டிக்கி நீங்க யாரு?” என்று போனில் கேட்டு வைத்தவள், பிறகு வாசலைக் கடந்து போகும்போது திரும்பியும் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை மழையோடு வந்தாள். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

“யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க, மாமா. எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கீங்க.”

“ஆமா.”

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டியரிங்கையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அப்பா எவ்ளோ பக்கத்துல இருந்தாரு?”

நாலு விரலைச் சேர்த்து, என் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்துக் காட்டினேன்.

அவள் தன் நாலு விரலை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்த விரல்கள் ஸ்டியரிங்கில் படும்வரை முன்னால் சாய்ந்தாள். அப்படியே இருந்தாள். உன் இடத்தில், உன்னைப் போல. “இவ்வளவுதானா?” என்றாள். பிறகு நெற்றியை ஸ்டியரிங்கின் மேல் வைத்து அழுதாள். உன் எழவு வீட்டில்கூட அவள் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றேன். ஆறுதல் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். “சரி, எப்பிடி ஒக்காரணும்? சொல்லுங்க,” என்றாள்.

சீட்டைப் பின்னால் தள்ளினோம். சாய்வைச் சரி செய்தோம். ஸ்டியரிங்கைக் கீழே இறக்கி, அது அவள் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி வைத்தேன். கட்டை ஒன்றும் தேவைப்படவில்லை. அவளுக்குக் கால் எட்டியது. உன்னைவிட அவள் உயரம், மச்சான். கொஞ்சம்தான். நீ லொறி ஓட்டி அவளுக்கு வாங்கிக் கொடுத்த பாலும் முட்டையும் அந்த அளவுக்கு அவளை வளர்த்திருக்கிறது. விரலை விரித்து ஒரு சாண் அளந்தாள். அதற்கு மேலும் இடம் இருந்தது. பை அதன் இடத்திலேயே இருக்கிறது. அப்படியே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனாள்.

உன் முதலாளியை நான் மன்னிக்கவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு வந்ததற்காக உன்னையும் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. உன் குரல்கூட இப்போது கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. சில நாள் நினைத்துப் பார்த்தால் வருவதில்லை. சனிக்கிழமையிலிருந்து இந்த நாலு விரல் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. சோறு பிசையும்போதும், கம்பி முறுக்கும்போதும், அவை ஒன்றாகச் சேரும்போதெல்லாம் அப்படியே நின்று பார்க்கிறேன். இவ்வளவு அகலத்துக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒருவன் என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தான்.