நீ குடிக்காத தண்ணீர்

போன வாரம் பெய்த மழையில் உங்கள் வீட்டு ஷீட் கூரை ஒழுகி, நீ கடைசியாகக் கட்டித் தொங்கவிட்ட வைக்கோல் பை நனைந்திருக்கிறது. இன்று காலை உன் அம்மா கூப்பிட்டார். பையின் ஓட்டைகளில் சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக நின்றது. ஈர வைக்கோல் வாசனை வாசல்வரை அடித்தது. "எம் பொண்ணு திரும்பி வந்துட்டா பாரும்மா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

நீ வரவில்லை. வந்தது காளான்.

சித்திரையில் நீ போனதிலிருந்து அந்தப் பைக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நீ இருந்தபோதும் ஒரு தடவை அப்படி நினைத்திருக்கிறேன். காலடிப்பேட்டைக்குத் தண்ணீர் லாரி வராத கோடை அது. மொட்டுகள் கருகி உதிர்ந்துவிட்டன. குப்பையில் போடச் சொன்னேன்.

"கம்முனு கெடமே. செத்தது வெளிய கீற மொட்டுதான். உள்ள வெள்ளையா நூலு ஓடுது பாரு, அதான் காளானு. தண்ணி இல்லன்னா மொட்ட வுட்டுடும். உள்ள ஒரு மாதிரி சக்கரைய சேத்து வெச்சிகினு அப்டியே படுத்துக்கும். தண்ணி பட்டா எய்ந்துக்கும்."

"வந்துட்டா பெரிய சயின்டிஸ்ட்டு."

"காளான் பயிற்சிக்குப் போய் டீயும் பன்னும் மட்டும் துன்னுட்டு வந்தேன்னு நென்ச்சியா?"

சொல்லிவிட்டு, வேலைக்குக் கொண்டுபோன பச்சை பாட்டிலை எடுத்துப் பைக்குத் தெளித்தாய். பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலைக் குடோனில் நாம் அட்டைப்பெட்டி ஒட்டினோம். அங்கே இருந்த ஒரே கழிப்பறையின் சாவி சூப்பர்வைசரின் மேசையில் இருக்கும். போய்க் கேட்டால், "இன்னா, அதுக்குள்ளயா? கொழாயா வெச்சிகினு கீற?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வான். ஆண்கள் சிரிப்பார்கள். அதனால் பெண்கள் யாரும் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. நிரப்பிக் கொண்டுபோன பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவோம். வீட்டில் கேட்பார்களே என்று நான் பஸ் ஸ்டாப்பில் கொட்டிவிடுவேன். நீ கொட்டமாட்டாய். "லைன்ல நின்னு புட்ச்ச தண்ணிமே, ரோட்டுலயா ஊத்துவாங்க?"

அந்தக் காளானை மிளகு போட்டு வறுத்து நாம் தின்றிருக்கிறோம். எவ்வளவு ருசி! நீ குடிக்காத தண்ணீரில் விளைந்தது அது.

முதலில் ஒன்றுக்குப் போனால் எரிச்சல் என்றாய். அப்புறம் குளிர்க் காய்ச்சல். லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவான் என்று அதோடும் வேலைக்கு வந்தாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தொற்று இரண்டு கிட்னியிலும் ஏறியிருந்தது. "தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா?" என்று டாக்டர் கேட்டார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "குட்ச்சா எங்க சார் போறது?"

சாவுக்குச் சூப்பர்வைசர் மாலையோடு வந்தான். "எவ்ளோ வேல குட்த்தாலும் மூஞ்சி சுளிக்காது. நல்லா தாங்கும்" என்று உன் அம்மாவிடம் சொன்னான். ஏதோ பெட்டியைப் பற்றிச் சொல்வதுபோல. அவர் கை கூப்பினார்.

காளானுக்குத் தாங்கத் தெரியும். தண்ணீர் இல்லையென்றால் அது வேலையை நிறுத்திவிடுகிறது. அதை ஏன் என்று யாரும் கேட்க முடியாது. நமக்குத் தண்ணீரும் கிடையாது, பெட்டியும் குறையக் கூடாது. உன் உடம்பு எந்தச் சர்க்கரையைச் சேர்த்துவைக்கும்?

உன் அம்மா காளானைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டார். நான் உன் பச்சை பாட்டிலைக் கேட்டு வாங்கி, நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன். குடோன் நடுவில் எல்லோரும் பார்க்கக் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் மேசைக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"இன்னா, அதுக்குள்ளயா?"

"ஆமா. மத்தியானம் இன்னொரு தபா வருவேன். சாவியக் குடு."

யாரும் சிரிக்கவில்லை. என் பின்னால் யாரும் எழுந்து வரவும் இல்லை. சாயங்காலம் பஸ்ஸில் எல்லார் பையிலும் பாட்டில் கனத்தது. உன்னுடையது மட்டும் காலி.