விமானத்துக்கு யார் பெல் அடிப்பது, எத்திராஜ்?

அன்புள்ள எத்திராஜ் மச்சானுக்கு,

இன்னாடா, நல்லா கீறியா? அங்கே மூச்சு தாராளமாக வருகிறதா? கடைசி மாசமெல்லாம் ஒரு வார்த்தை பேசி முடிக்க மூன்று இடத்தில் நின்றாய். இப்போதும் உன் வீட்டுக்குள் நுழைந்தால் என் காது அந்த இழுப்பைத்தான் தேடுகிறது.

மாரிகுப்பம் ஸ்டேஷன் பக்கம் உன் படம் போட்ட பேனர் இன்னும் தொங்குகிறது. கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, கீழே எங்கள் பேரையெல்லாம் வரிசையாகப் போட்டார்கள். நான் சொல்ல நினைத்ததற்கு அதில் இடமில்லை. அதனால்தான் மூன்றாம் வகுப்போடு நின்றவன் பேனா பிடித்திருக்கிறேன். பேனர் ஒரு மூலையில் கிழிந்து, காற்றடித்தால் உன் காது மட்டும் ஆடுகிறது. பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிற பிள்ளைகள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர்களையும் சொல்லக் கூடாது, ரயிலை விட்டால் வேலை போச்சு. ரயில் போன பிறகு நம்ம லைனில் நானும் நாலு ஆடும்தான். ஆடு என்றதும் ஞாபகம் வருகிறது, பக்கத்து வீட்டுக் கிடா உன் முருங்கையை மொட்டையடித்துவிட்டது. சரி, அதை விடு. விமானத்துக்கு வருகிறேன்.

நடக்க முடியாத அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று விமலா ஒரு பழைய கம்ப்யூட்டரையும், மாப்பிள்ளை விளையாடி அலுத்த ஜாய்ஸ்டிக்கையும் கொண்டுவந்து உன் கட்டில் பக்கத்தில் வைத்தாளே, உன் மகள் செய்த நல்ல காரியம் அது. அதில் ஓட்டுகிற ஆட்டம், பழைய காலத்துச் சண்டை விமானம், மூக்கில் விசிறி. நீ ஏற்றுவாய், சுடுவாய், உன்னையும் சுடுவார்கள். ஒரு நாளாவது அதை முழுசாகத் தரையில் இறக்கினாயா?

"டேய் முனிரத்தினம், அத்தினி வருஷம் கேஜ் இறக்கினவன் நீ. ஒருவாட்டி எனக்கு இத்த இறக்கிக் குடுடா."

"போடா, பாப்பா ஆட்டம். கெழவனுக்கு வந்த ஆசையைப் பாரு."

"ஒரே ஒருவாட்டி."

"நாளிக்கிப் பாக்கலாம்."

நாளைக்கு என்றேன். மறுநாள் காலையில் நீ இல்லை.

இதை வேறு யாராவது படித்தால் புரிய வேண்டுமே, அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஆளையும் கல்லையும் சுமக்கிற கேஜைக் கம்பி கட்டி இறக்கி ஏற்றுகிற இன்ஜின், அதை ஓட்டினவன் நான். இன்ஜின் வீட்டில் உட்கார்ந்தால் கேஜ் கண்ணுக்குத் தெரியாது. எதிரே ஆழம் காட்டுகிற முள், காதில் சுரங்க வாயிலிலிருந்து எத்திராஜ் அடிக்கிற பெல், அவ்வளவுதான். இரண்டு அடித்தால் இறக்கலாம். அதற்கு முன்னால் மூன்று அடித்தானென்றால், உள்ளே ஆள் ஏறி நிற்கிறது என்று அர்த்தம். அப்போது என் கை வேறு கை, அவ்வளவு மெதுவாக இறக்கும்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் உன் வீட்டுக்காரி கமலா கூப்பிட்டாள்.

"அண்ணா, அது சும்மா கெடக்குது. நீங்களாவது வந்து ஓட்டுங்க. வீட்ல ஒரு சத்தமாவது கேக்கும்."

போனேன். எனக்கும் என் வீட்டில் சத்தம் கிடையாதே. தள்ளினால் மூக்கு கீழே, இழுத்தால் மேலே, அது சீக்கிரம் கைக்கு வந்தது. முதல் நாள் நடந்ததைக் கேள். இன்ஜின் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, எதிரே நீளமாக ஓடுபாதை. நான் பிடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். கமலா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, நின்னுங்கினே கீது?"

"பெல் வரலியே தங்கச்சி."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவள் திரும்பி உள்ளே போனாள். மனசைப் புண்படுத்திவிட்டோமே என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து சில்வர் டம்ளரில் கரண்டி தட்டுகிற சத்தம். இரண்டு.

"வந்திச்சா? போங்க இப்ப."

அன்றிலிருந்து அவள் இரண்டு தட்டுவாள், நான் ஏற்றுவேன். எதிரி சுட வந்தால் நான் சண்டைக்கு நிற்பதில்லை. கேஜில் ஏதுடா துப்பாக்கி? வளைந்து ஓடிவிடுவேன். ஆனால் இறக்குகிற நேரத்தில் ஒவ்வொரு தடவையும் தரையில் மோதி நெருப்புதான்.

"அவரே தேவல. ஆகாசத்துலயே செத்தாரு. நீங்க வாசப்படில வந்து சாவுறீங்க" என்றாள் கமலா.

பத்துப் பன்னிரண்டு விமானம் போன பிறகுதான் என் தப்பு தெரிந்தது. நான் வெளியே பார்க்கவே இல்லை, மச்சான். பழக்கதோஷம், கண்ணை முள்ளின் மேலேயே வைத்திருந்தேன். உயரம் காட்டுகிற முள் பூஜ்யத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தால், அது மூன்றில் இருக்கும்போதே தரை வந்துவிடுகிறது. ஒரு நாள் கிளம்புவதற்கு முன்னால் உற்றுப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே முள் மூன்றில் இருந்தது. அது கடல் மட்டத்திலிருந்து கணக்குப் பார்க்கிற முள். நம்ம ஊர் மாதிரி அந்த மைதானமும் மேட்டில் இருக்கிறது.

இன்ஜின் வீட்டில் என்ன செய்வோம்? கேஜ் நிற்க வேண்டிய இடத்துக்கு நேராக முள் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவோம். கண்ணாடித் திரையில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. கமலா பீரோ கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை உரித்துக்கொண்டு வந்தாள்.

"இத்த வைங்க. அங்க சும்மாதான கீது."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றுக்கு நேராக ஒட்டினேன்.

நேற்று இரண்டு தடவை சக்கரம் தரையைத் தொட்டது. ஒன்றில் இறக்கை முறிந்தது, இன்னொன்று உருண்டு போய் மரத்தில் முட்டியது. நாளைக்குக் காலையில் டெம்போ வருகிறது. விமலா அம்மாவைப் பெங்களூருக்கே கூட்டிக்கொண்டு போகிறாள், கம்ப்யூட்டரும் போகிறது. நல்லதுதான், தங்கச்சி இங்கே தனியாக என்ன செய்வாள்? நான் என்ன செய்வேன் என்று கேட்காதே. ஆடு இருக்கிறது.

இன்று ஒரு நாள்தான் மிச்சம். உனக்கு வாக்கு கொடுக்கிறேன்டா, விசிறி நிற்கிற வரைக்கும் பிடியிலிருந்து கையை எடுக்க மாட்டேன். முழுசாக இறக்கித் தருகிறேன். உன் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எந்த நேரமும் கமலா கூப்பிடுவாள் என்பதால் கையெழுத்தை இப்போதே போட்டுவிடுகிறேன்.

உன் மச்சான்,
முனிரத்தினம்

இன்னும் கூப்பிடவில்லை. அதற்குள் ஒன்று சொல்கிறேன். அந்த முருங்கை அடியில் துளிர் விட்டிருக்கிறது, நான் சுற்றி முள் வைத்து

இரு. டம்ளர் சத்தம் கேட்கிறது. ஒன்று, இரண்டு. மூன்றாவதும் தட்டுகிறாள், மச்சான். இத்தனை நாளில் மூன்று தட்டியதே இல்லை.

"அண்ணா, ஏறியாச்சு. பாத்து மெதுவா எறக்குங்க."

வருகிறேன் தங்கச்சி, கை வேர்த்திருக்கிறது, துடைத்துக்கொண்டு