பாஸும் ஃபெயிலும் சேர்த்து

கும்மிடிப்பூண்டி,
9 மார்ச் 2025,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

உன் அப்பா பீட்டர் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று காலை கோயிலில் கூட ஜெபம் பண்ணிவிட்டு வந்தோம்.

பார்சலில் அம்மா செய்த பருப்புப் பொடியும் அதிரசமும் இருக்கிறது. பொடி டப்பாவின் மூடியை இறுக்கமாகப் போட்டிருக்கிறேன், பார்த்துத் திற. உன் ரூம் பெண் நர்மதாவுக்கும் கொடு. என்னடா இது, அப்பா போய் லெட்டர் எழுதுகிறாரே என்று நினைப்பாய். போன் பண்ணினால் கிளாசில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். எனக்கும் போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் பேச வராது. எழுதினால் முழுதாகச் சொல்லி முடிக்கலாம், நடுவில் நீ வைக்க முடியாது.

முதலில் சந்தோஷமான சேதி. நேற்று உன் அம்மா காலேஜுக்குப் போனாள். முதல் வகுப்பு. திருவள்ளூர் வரைக்கும் நான்தான் பைக்கில் கூட்டிப் போனேன். கழுத்தில் அடையாள அட்டை போட்டு நிற்கிற போட்டோவை உனக்கு அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டியது, பதில்தான் வரவில்லை. பரவாயில்லை. அதில் அம்மா முறைத்துக்கொண்டு நிற்பது போலத் தெரியும். முறைக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரக் கூடாதென்று அப்படி நின்றாள்.

மில்லில் எனக்கு இந்த மாதம் காலை ஷிப்ட். கிரேன் மேலே உட்கார்ந்தால் வெயில் இப்போதே தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ஈஸ்வரி அக்கா முழங்கால் ஆபரேஷன் ஆகி நடக்க ஆரம்பித்துவிட்டாள். உன்னை விசாரித்தாள்.

அம்மா சேர்ந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை எழுதச் சொல்லி அவளேதான் சொன்னாள்.

நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு, நீ விட்டுப்போன பிளஸ் டூ கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலங்களில் படிப்பாள். கம்பெனி லேபில் கழிவுத் தண்ணீர் சாம்பிள் எடுக்கிறாள், அளந்து எழுதுகிறாள், ஆனால் ஏன் அப்படி என்று தனக்குத் தெரியவில்லை என்பாள். டிசம்பரில், வேலை பார்க்கிறவர்களுக்காக சனி, ஞாயிறு நடத்துகிற பி.எஸ்ஸி. வகுப்பு பற்றிப் பேப்பரில் வந்தது. நாற்பத்தைந்து வயதில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீ நம்ப மாட்டாய், நிஜமாகவே கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வரதன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறானே, அவனிடம் விண்ணப்பம் போடப் போனோம். இதுவரை படித்தது எல்லாவற்றையும் எழுத வேண்டும், முடித்தது, முடிக்காதது, தேறாதது எதையும் விடக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. வரதன் நல்ல பையன், நம் மேல் இருக்கிற அக்கறையில்தான் சொன்னான். பிளஸ் டூ பாஸ் மட்டும் போதும், பொன்னேரி காலேஜில் பாதியில் விட்டதைக் காட்டவே வேண்டாம் என்றான். அப்புறம், இங்கே ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்டில் அம்மா லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்தாளே, இப்போது அந்த இடமே மூடிக் கிடக்கிறது, அதற்கு அரசு அங்கீகாரம் உண்டு என்று போட்டுவிட்டால் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்துவிடலாம் என்றான். சீட் கொஞ்சம்தான், நேர்காணல் வேறு உண்டு, ஃபெயிலைப் பார்த்தால் கழித்துவிடுவார்கள் என்றும் சொன்னான்.

அப்போதுதான் அம்மா உனக்குப் போன் போட்டாள். அந்த அரியர் எல்லாம் எதற்கும்மா எழுதுகிறாய், யாருக்குத் தெரியப் போகிறது என்று நீ சொன்னாய். ஸ்பீக்கரில் நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் அதையேதான் சொன்னேன். அம்மா போனை வைத்துவிட்டு வரதனிடம் சொன்னாள்: "பாஸானதும் நான்தான், ஃபெயிலானதும் நான்தான். பாதி ஆளை மட்டும் எப்டிப்பா அனுப்பறது?"

சரி, பொன்னேரி காலேஜில் வாங்கிய பழைய மார்க் ஷீட் வேண்டுமே. யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, கடைசியில் சென்னைக்குப் போய் நகல் வாங்கி வந்தோம். திரும்பி வரும் ரயிலில் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். தமிழ், இங்கிலீஷ், கெமிஸ்ட்ரி பாஸ். கணக்கில் இருபத்திரண்டு, பிசிக்ஸில் பத்தொன்பது. எதிர் சீட்டில் நம் ஏரியா ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடித்து உள்ளே வை என்று கண்ணைக் காட்டினேன். அவள் மீஞ்சூர் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் வந்தாள்.

அடுத்து கம்பெனியில் அனுபவச் சான்றிதழ். அங்கே ஆபீசில் இருக்கிற அன்புசெல்வன் சார் அம்மா மேல் மரியாதை உள்ளவர். பெருந்தன்மையாக லேப் டெக்னீஷியன் என்றே போட்டுக் கொடுத்தார். இவள் மறுநாள் அதைக் கொண்டுபோய், சார், கம்பெனிப் பதிவேட்டில் நான் ஹெல்பர்தானே, அப்படியே போட்டு, கீழே நான் பார்க்கிற வேலைகளை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டதாம். ஆனாலும் மாற்றிக் கொடுத்தார். எனக்குத்தான் கோபம் தலைக்கேறிவிட்டது. தானாக வந்ததைத் திருப்பிக் கொடுத்தால் சீட்டு எப்படிக் கிடைக்கும், இப்படியே பேஜார் பண்ணிக்கொண்டிரு என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. அவள் நாஷ்டாவைத் தட்டில் வைத்துவிட்டுப் போவாள், நான் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

விண்ணப்பத்தை முடிக்கிற நாளில் மறுபடி மூன்று பேரும் உட்கார்ந்தோம். படிப்பை நிறுத்தக் காரணம் என்று ஓர் இடம். நம் வீட்டில் எல்லாருக்கும் அது தெரிந்த விஷயம். பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் உன் தாத்தா நெல் மூட்டை லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது, அதனால் அம்மா படிப்பை விட்டாள். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். உனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். வரதனும், "ஃபாதர் ஆக்சிடெண்ட்டுனு போட்டுடட்டாக்கா?" என்று டைப் அடிக்கவே ஆரம்பித்துவிட்டான்.

அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இரு வரதா. அப்பா லாரிலேர்ந்து உழறதுக்கு முன்னாடியே நான் காலேஜுக்குப் போறத நிறுத்திட்டேன். மொதல்ல அதப் போடு. அப்புறம் அப்பாவப் போடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் சொல்லச் சொல்ல அவன் அப்படியே அடித்தான். முதல் வருஷத்தில் இரண்டு பாடத்தில் தவறியது, அதனால் இரண்டாம் வருஷம் வகுப்புக்குப் போகாதது, பிறகு தந்தைக்கு விபத்து. மூன்று வரிதான்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். என்னோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் அன்றைக்குத்தான் அதை என்னிடம் சொன்னாள். சுகிர்தா, இந்த இடத்தை நிதானமாகப் படி.

ரிசல்ட் வந்த அன்று வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லிவிட்டாளாம். தாத்தா வயல் வேலை முடிந்து வந்து, காலைக் கூடக் கழுவாமல் தெருவில் நாலு பேரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? வகுப்பில் கணக்கு ஒன்றும் புரியவில்லை, கேட்கப் பயம். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதையே விட்டுவிட்டாள். ஆனால் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு, ஆரணியில் பஸ் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாளாம். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவாளாம். மாதக்கணக்கில் அப்படி.

தாத்தா விழுந்தார் என்று வீட்டுக்கு ஆள் வந்து சொன்னபோது அழுகையோடு கூட ஒரு நிம்மதியும் வந்ததாம், இனிமேல் யாரும் காலேஜைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்று. "அந்த நிம்மதிதான் இத்தினி வருஷமா உள்ள குத்திக்கினே இருந்துச்சு. அவர்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு நாள் திட்டியிருப்பாரு. அவ்ளோதாங்க. அந்த ரெண்டு நாளுக்குப் பயந்துகினு வாழ்க்கையையே பெஞ்சில ஒக்கார வெச்சிட்டேன்" என்றாள். டீ ஆறிப்போய்விட்டது. எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

ஜனவரி கடைசியில் திருவள்ளூரில் நேர்காணல். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை உன் அம்மாவிடம், கணக்கில் இருபத்திரண்டு என்று போட்டிருக்கிறதே, இப்போது பயம் போய்விட்டதா என்று கேட்டார்களாம். போகவில்லை மேடம், ஆனால் இந்தத் தடவை புரியவில்லை என்றால் கையைத் தூக்கிவிடுவேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த டிப்ளமோ செல்லாது, இரண்டாம் வருஷம் கிடையாது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். தெரியும் மேடம், அதனால்தான் அங்கீகாரம் இல்லை என்று நானே எழுதினேன் என்றாளாம். வெளியே வந்து என்னிடம், கிடைக்காது போலிருக்கிறது என்று சொன்னாள். ஆனால் சொல்லும்போது நிமிர்ந்து நின்றாள்.

பிப்ரவரியில் சீட் வந்தது, முதல் வருஷத்தில். அதோடு, கணக்கில் பலவீனம் என்று தெரிவித்தவர்களுக்காகத் தனியாக ஒரு வகுப்பு, சனிக்கிழமை மற்ற வகுப்புகளுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அதற்கும் அம்மா பெயரைப் போட்டிருந்தார்கள். எழுதாமல் விட்டிருந்தால் அது கிடைத்திருக்காது. இப்போது வரதன் கடைக்கு விண்ணப்பம் போட வருகிறவர்களிடம் எல்லாம் அவன் எங்கள் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமில்லை. மில்லில் கான்டீனில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். என் வீட்டுக்காரி கிரேஸ், காலேஜில் சேர்ந்தாள் என்று மட்டும் சொல்லவில்லை, அவள் எப்படி எழுதிச் சேர்ந்தாள் என்றும் சொன்னேன். எங்கள் ஃபோர்மேன் தானியேல் அண்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லலாமா என்று முதலில் அம்மாவிடம் கேட்டேன். சொல்லுங்கள், மறைத்து வைத்து எனக்கு அலுத்துவிட்டது என்றாள்.

நேற்று வகுப்பில் உன் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு பெண் ஆன்ட்டி என்று ஆரம்பித்து, மதியத்துக்குள் அக்கா என்று ஆகிவிட்டாளாம். கணக்கு வகுப்பில் அம்மா நாலு தடவை கையைத் தூக்கினாளாம். நாலாவது தடவை வாத்தியாரே சிரித்துவிட்டாராம். வண்டியில் வரும்போது பெரியபாளையம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். ஹெல்மெட்டுக்குள் எனக்குப் பாதிதான் கேட்டது, கேட்டது போதும் என்று ஓட்டினேன்.

இனி ஒரு விஷயம். தானியேல் அண்ணன் அக்கா பெண்ணும் உன் காலேஜ்தானே. செமஸ்டர் ரிசல்ட் போன மாதமே வந்துவிட்டது என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். இன்னும் வரவில்லை என்று நீ போன வாரம் சொன்னாய். அவரிடம் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. என் மகளைப் பற்றி இன்னொருவர் வாயால் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. பொங்கல் லீவுக்கும் பிராஜெக்ட் என்றாய். பொங்கலன்று ராத்திரி அம்மா உன் தட்டையும் சேர்த்து எடுத்து வைத்துவிட்டு, பிறகு எடுத்து உள்ளே வைத்தாள்.

அந்த ஸ்டேஷன் பெஞ்ச் விஷயத்தை அவளுக்கு எழுதுங்கள், என் வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்று அம்மா சொன்னாள். ஏன் எழுதச் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் விளக்கவில்லை.

மகளே, நீ பிறந்தபோது இந்தக் கையில் வாங்கியவன் நான். அன்றைக்கு உனக்கு எந்த மார்க்கும் இல்லை. அப்போதே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கும் அதில் ஒன்றும் குறையவில்லை. எதுவாக இருந்தாலும், இரண்டு நாள் திட்டுகிற வேலை கூட எங்களிடம் இல்லை, அம்மாவுக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது.

ஈஸ்டருக்கு வந்துவிடு. பெரிய வியாழனே கிளம்பு. சென்ட்ரலில் இறங்கி நம்ம ஊர் லோக்கலைப் பிடி, ஸ்டேஷனில் நான் நிற்பேன். வீட்டுக்கு நடந்தே வரலாம். வழியில் சொல்ல வேண்டுமென்று தோன்றினால் சொல். தோன்றாவிட்டால் சும்மா என் பக்கத்தில் நடந்து வா, போதும்.

நீ போகும் போதும் வரும் போதும் கர்த்தர் உன்னோடு கூட இருப்பாராக.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா பீட்டர்.