ருசி பார்க்க ஆளில்லாத கார்ன் டாக்

அக்டோபர் 3, வியாழன்

விடியும்போதே மழை. கொடியில் துணி அப்படியே. தர்ஷினி வந்துவிட்டாள், ஒரு வாரம் லீவு. மருமகன் சிரம்பானிலிருந்து காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பிவிட்டார். வேலையாம். அவளுக்கு ஆறாம் மாதம். வயிறு நன்றாகத் தெரிகிறது. கால் லேசாக வீங்கியிருக்கிறது, உப்பைக் குறைக்க வேண்டும்.

வந்து உட்கார்ந்ததும் இரண்டு விஷயம் கேட்டாள். இரண்டும் எனக்கு ஆகாதவை.

"வளைகாப்புக்கு அப்பாவக் கூப்பிட்டியாம்மா?"

ஈரத் துணியை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தால் அடுத்தது.

"கார்ன் டாக் சாப்பிடணும் போல இருக்கு."

"பாசார் மாலாம்ல விக்கிறான்லா. சாயந்தரம் சந்தை போட்டதும் வாங்கிட்டு வரேன்."

"அது வேணாம்மா. சீஸ் இழுக்கும், மேல சீனி தூவியிருப்பான். எனக்கு வீட்டுல செஞ்சது வேணும். அப்பா செய்வாரே, அது."

சோள மாவில் சோசேஜை முக்கிக் குச்சியோடு பொரிப்பது. உலகத்தில் இல்லாத பலகாரமா? நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். புரட்டாசி மாதம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. வாய், வாய்!

அக்டோபர் 4, வெள்ளி

மழை விட்டது. புழுக்கம்.

வாங்கியது: கோழி சோசேஜ், தெப்போங் ஜாகுங் என்று போட்ட சோள மாவு, பேக்கிங் பவுடர், முட்டை, சாப்ஸ்டிக் ஒரு கட்டு. சோசேஜை ஃப்ரிட்ஜில் வைக்க மனம் வரவில்லை. பால், தயிர் பக்கத்தில் எப்படி வைப்பது? ஐஸ் பெட்டியில் போட்டுப் பின்கட்டில் வைத்தேன். கேஸ் அடுப்பும் பழைய குவாலிச் சட்டியும் அங்கேதான். வீட்டுக்குள் கவிச்சி இல்லை, வெளியேதான். பிள்ளைத்தாய்ச்சிக்காக என்றால் பெருமாள் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மாவு நிற்கவே இல்லை. முக்கி எடுத்தால் வழிந்து கிண்ணத்துக்கே திரும்பிப் போகிறது. கெட்டியாகக் கரைத்து மறுபடியும் முக்கினேன். எண்ணெயில் போட்டதும் வெள்ளையாக விறைத்துக்கொண்டது. உப்பு சரியா, வெந்ததா, ஒன்றும் தெரியவில்லை. நான் வாயில் வைக்க முடியாது. பின் சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆ லியான் அக்காவைக் கூப்பிட்டுத் தட்டை நீட்டினேன்.

"அய்யோ, சாயா பூன் மாக்கான் சாயூர்லா!"

அவரும் சைவமாம். நேற்றிலிருந்து சீனர்களுக்கு ஒன்பது நாள் விரதம், கோயில் பக்கமெல்லாம் மஞ்சள் கொடி. எனக்குத்தான் மறந்துபோனது. இந்தச் சந்தில் ஒரு சோசேஜைக் கடித்துப் பார்க்க ஒரு நாக்கு இல்லை.

தர்ஷினி ஒரு கடி கடித்தாள். "பரவால்லம்மா." அவள் பரவாயில்லை என்றால் பாதியோடு வைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் வைத்தாள்.

அக்டோபர் 5, சனி

மூன்றாவது சனி. கோயில். மாவிளக்கு. நல்ல கூட்டம். அடுப்புப் பக்கம் போகவில்லை.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று ஓர் அம்மா. தெரிந்தேதான் கேட்கிறார்கள். வேலை என்றேன். ஏழு வருடமாக அவருக்கு ஓயாத வேலை.

அக்டோபர் 6, ஞாயிறு

நல்ல வெயில். தலையணை எல்லாம் காயப்போட்டேன்.

ஞாயிறு என்றாலே அந்த எண்ணெய் வாசம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. தர்ஷினிக்கு அப்போது ஆறு வயது. சுங்கை நிபோங் பெஸ்தா பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கார்ன் டாக் கடை. ஒன்று தின்றுவிட்டு இன்னொன்று வேண்டும் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரிசையோ வாசல்வரை. அவர் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்காரர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதுல என்னலா பெரிய வித்தை" என்றார். அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுப் பின்கட்டில் கடை திறந்தாகிவிட்டது.

சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். தரையில் பேப்பர் விரித்திருக்கும். உயரமான கிளாஸில் மாவு. உள்ளே விட்டு ஒரு சுற்று, அப்படியே எண்ணெயில். மாவு பிடிக்கும்வரை குச்சியை விடாமல் பிடித்திருப்பார். தர்ஷினி "சத்து, துவா, தீகா" என்று எண்ணுவாள். மிச்ச மாவில் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கிள்ளிப்போட்டு எனக்கு நாலு உருண்டை. குச்சி கிடையாது, காரம் உண்டு. நான் அதைத் தின்றுகொண்டே தரையெல்லாம் எண்ணெய் என்று திட்டுவேன். அவர் பதில் பேச மாட்டார்.

அதுதான் எங்கள் குடும்பம். நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர் பேசாமலே இருப்பார். ஒருநாள் என் பேச்சு கூடிப்போனதா, அவர் மௌனம் கூடிப்போனதா, டூல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறி அக்கரைக்கு, மாக் மண்டின் போனார். அங்கே வொர்க்‌ஷாப், மாடியில் ஓர் அறை. நான் கூப்பிடுவேன் என்று அவர் இருந்தார். அவர் வருவார் என்று நான் இருந்தேன். இரண்டு பேரும் இருந்துவிட்டோம்.

அந்த ஞாயிறுகள் திரும்ப வேண்டும். எழுதிவிட்டேன். போதும்.

அக்டோபர் 7, திங்கள்

ஆ லியான் அக்கா தவ்ஹூவில், அதான் சோயாக் கட்டியில், செய்த சைவ சோசேஜ் கொண்டுவந்து தந்தார். விரத நாளில் இந்த ஊரில் சைவ இறால்கூடக் கிடைக்கும். அதே மாவு, அதே வழிசல். ஆனால் இந்தத் தடவை நானும் தின்னலாம். தின்றேன். தர்ஷினிக்கு முன்னாலேயே நான் முகம் சுளித்தேன்.

"இது தவ்ஹூம்மா. விடும்மா, ஆச போயிருச்சு."

ஆசை போகவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியாதா? "அப்பாட்ட நான் கேக்கட்டா?" என்றாள். "ஏன், எனக்கு வாயில்லையா? நானே கேக்குறேன்" என்றேன். மறுபடியும் வாய்!

மதியம் போன் போட்டேன். பின்னால் கிரைண்டர் சத்தம்.

"ஹலோ" என்றேன். 'ஏங்க' என்று கூப்பிட வாய் வரவில்லை.

"விஜயாவா? புள்ளைக்கு ஒன்னும் இல்லயே?"

"நல்லா இருக்கா. கார்ன் டாக் கேக்குறா. மாவு நிக்க மாட்டேங்குது."

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் போனை வைத்திருப்பேன்.

"என்ன மாவு?"

"தெப்போங் ஜாகுங்."

"வெள்ளையா, நைசா இருக்குமே, அதா? அது சூப்புக்குப் போடுறது. மஞ்சள் மாவு வேணும், கையில நறநறங்கும். லிட்டில் இந்தியாவுல பஞ்சாபிக்காரங்க ரொட்டிக்கு வாங்குவாங்க. சோசேஜத் தொடச்சியா?"

"தொடைக்கணுமா?"

"ஈரம் இருந்தா மாவு எப்படிப் பிடிக்கும்? தொடச்சு, கோதும மாவுல பெரட்டிட்டுத்தான் முக்கணும். தயிரு ஊத்துனியா? டின் பாலு?"

தயிரா? இத்தனை வருடம் தின்றேனே, தயிர் என்று தெரியாது.

கிரைண்டர் நின்றது. "போன்ல சொன்னா வராது. நான் வரட்டா?"

அடுப்பு மேடையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அழுக்கே இல்லை.

"புதன்கிழமை வாங்க. தர்ஷிக்கு ஆசையா இருக்கு" என்றேன். பழியை அவள் தலையில் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

வீடு கூட்டினேன். பின்கட்டைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். தர்ஷினி கட்டிலில் படுத்துக்கொண்டு சிரிக்கிறாள். "யாரும்மா வர்றது, மந்திரியா?"

அக்டோபர் 9, புதன்

மேகமூட்டம். காற்று.

பத்து மணிபோல மோட்டார் சத்தம். ஃபெரியில் மோட்டாரோடு வந்திருக்கிறார். இளைத்திருக்கிறார். மீசையில் பாதி வெள்ளை. கையில் மஞ்சள் மாவுப் பொட்டலம், வரும் வழியில் வாங்கினாராம். கேட்டைத் தாண்டாமல் நின்றார். "பின்பக்கமா வரட்டா?" என்றார். சொந்த வீட்டில் இப்படிக் கேட்கிறார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "முன்வாசல் தொறந்துதான இருக்கு" என்றேன்.

தர்ஷினியின் தலையில் கை வைத்தார். வயிற்றைப் பார்த்தார். நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்தார்.

நான் மாவு சலித்தேன், அவர் கரைத்தார். தயிர், முட்டை, டின் பால். கிளாஸ் கேட்டார், கொடுத்தேன். சோசேஜைத் துடைத்தார், புரட்டினார், முக்கினார். குச்சியைப் பிடித்தபடி எண்ணெய் மேல் குனிந்து நின்றார். மாவு நின்றது. பொன்னிறமாக உப்பி வந்தது. வெந்த சோளமும் இனிப்புமாக அதே ஞாயிறு வாசம் கிளம்பியது.

"உப்பு இருக்கா பாருங்க" என்றேன்.

"நான் சைவம்."

"யாரு, நீங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது. புரட்டாசி முழுக்க வெளியே நாசி கண்டார் கடையில் கோழி தின்றுவிட்டு, கிராம்பை மென்றுகொண்டு வீட்டுக்கு வந்து நல்ல பிள்ளையாக ரசம் குடித்த மனிதர்!

"எப்பருந்து?"

"அங்க போனதுலருந்து."

"ஏன்?"

அடுத்த குச்சியை முக்கினார். பதில் வராது என்று நினைத்தேன். வந்தது.

"புரட்டாசிக்கு நீ இங்க விரதம் இருப்ப. அதான், அங்க நானும் இருந்தேன்."

கிளாஸில் மாவை நிரப்பி அவர் பக்கம் நகர்த்தினேன்.

ஆக, ருசி பார்க்க வீட்டில் தர்ஷினி ஒருத்திதான். ஸ்டூலில் உட்கார வைத்தோம். இரண்டு பக்கமும் நாங்கள். வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடித்தாள். மென்றாள். மற்றக் கையை அடுத்ததற்கு நீட்டினாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எண்ணெய்ப் புகை என்றார். அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

என் கையால் சோறும் கீரையும் சாப்பிட்டார். புறப்பட்டார். கேட்டுவரை போனேன். மோட்டாரில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். இனிமேல் சொல்லாவிட்டால் எப்போது?

"ஏங்க. தர்ஷிக்கு வளைகாப்பு வைக்கப் போறோம்."

"பொம்பளைங்க விசேஷம். நான் வந்து என்ன செய்ய?"

"வந்து உக்காருங்க. அப்பான்னு ஒருத்தர் உக்காரணும்ல."

சாவியைத் திருகப்போனவர் திருகவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தன மணிக்கு?"

இன்னும் நாளே பார்க்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "காலையிலயே வந்துருங்க" என்றேன்.