துரைக் கல்லும் முதல் கூடையும்

பங்காருபாளையம்

அன்பு மகள் கல்பனாவுக்கு நைனா எழுதுவது. ஏழுமலையான் தயவில் நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் லண்டனில் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடிகிறது, போனை எடுத்தால்தானே கேட்பதற்கு. வாட்ஸ்அப்பில் போட்டால் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவாய் என்று தபாலில் எழுதுகிறேன். பூ விட்ட நேரத்தில் பனி கொட்டியதால் இந்த வருஷம் மாங்காய் குறைவு. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், திருப்பதி டாக்டரிடம் போகலாம் என்றால் மாங்காய் மண்டி முடியட்டும் என்கிறாள்.

உன் கோபத்துக்கு வருகிறேன். மண்டி திறக்கும் நாளில் கிணற்றோரத்தில் அதை வெட்டிய வெள்ளைக்காரத் துரை பேரில் நட்ட துரைக் கல்லுக்கு முதல் கூடை மாங்காயை வைத்துக் கற்பூரம் காட்டுவது நம் வழக்கம், போன வருஷம் அதை வீடியோ எடுத்து அனுப்பியவன் நான்தான். அதைப் பார்த்து உன் ஆபீஸ் வெள்ளைக்காரன் இன்னுமா எங்களைக் கும்பிடுகிறீர்கள் என்று சிரித்தானாம். கல்லை உடைக்கிறவரை பேசமாட்டேன் என்று போனை வைத்துவிட்டாய். மண்டிச் சங்கத்தில் என் பேச்சு எடுபடும் என்று உனக்குத் தெரியும்.

சரி, கல்லை எடுத்துவிடலாம் என்று சங்கத்தில் சொன்னேன். சுமை தூக்கும் மேஸ்திரி வீராசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். இன்னா துலுக்காணம், பொண்ணு லண்டன் போனதும் துரை கசந்துட்டாரா, பஞ்சத்துல அந்தாளு கெணறு வெட்டி எல்லாரும் மொள்ளலாம்னு சொல்லலன்னா நம்ம தெருக்காரன ஊர்க் கெணத்தாண்ட சேத்திருப்பானுங்களா என்றான். அப்போது ஓரமாகக் கூலிக்குக் கூடை அடுக்கிக்கொண்டிருந்த மணியம்மா தலை தூக்காமலே, துரையா எறங்கி வெட்னான், அவன் கொடை புடிச்சிக்கினு மேல நின்னுக்கினு இருந்திருப்பான், கூலிக்குக் கையளவு கம்பு வாங்கிக்கினு வெட்னவன் நம்ம பாட்டன், அவனுக்கு ஒரு பழமாச்சும் வெச்சியா மேஸ்திரி என்றாள். மண்டியே சிரித்தது, வீராசாமி மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளைக்காரனைப் பற்றி நீ படித்தது பொய் இல்லை அம்மா. ஜனம் பட்டினியில் சாகும்போதும் தீர்வை வாங்கினான், தானியத்தைக் கப்பல் ஏற்றினான். ஆனால் மற்றவர்களுக்குத்தான் அவன் முதல் எஜமான். நம் தெருவுக்கு அவனுக்கு முன்பே ஊருக்குள்ளேயே எஜமான் இருந்தான், இவன் கப்பல் ஏறிப் போகவும் இல்லை. அதனால் வெள்ளைக்காரனைத் திட்டும்போது ஊரோடு சேர்ந்து முழுத் தொண்டையில் திட்ட எனக்கு வரவில்லை, கும்பிடவும் இனி மனசு ஒப்பவில்லை.

ஆகவே கல்லை உடைக்கப்போவதில்லை. அங்கே ஒருவன் சிரித்தான் என்று இங்கே நாம் கடப்பாரையைத் தூக்கினால் இன்னும் அவனுக்காகத்தானே வேலை செய்கிறோம். கற்பூரமும் கிடையாது. மண்டி திறக்கும் வெள்ளிக்கிழமை முதல் கூடையை மணியம்மா கையால் கூலி ஆட்களுக்குப் பங்கு போடச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் லாரிக்குச் சுமை தூக்க வரமாட்டேன் என்று வீராசாமி சொல்லி அனுப்பியிருக்கிறான். அவனை நான் பேசிச் சரிக்கட்டிவிடுவேன். நீ கேட்டதை நான் செய்யவில்லை, உன்னை எப்படிச் சரிக்கட்டுவது என்றுதான் தெரியவில்லை.

குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போ. ரத்தம் குறைவு என்றாயே, அந்த மாத்திரையை விடாதே. எல்லா நலனும் பெற்று நீ நன்றாயிருக்க வேண்டும். கோபம் தீராவிட்டால் போன் போட்டுத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதே.

இப்படிக்கு,
உன் நைனா
துலுக்காணம்